ஒரு முளை தள்ளி

இன்று காலை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் புரோகிராமைப் பார்த்து எரிந்து விழுந்தேன். என் குணம் அப்படி. அவள் புரோகிராம் ஒரு பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டே, வேண்டாததை அதிலிருந்து நீக்கிக்கொண்டும் போகிறது. ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னால் வந்துவிடும். புரோகிராமோ அடுத்த இடத்துக்குப் போய்விடும். நடுவில் ஒன்றைத் தொடவே தொடாது. ஆயிரம் தடவை பார்த்த தப்பு இது. அப்புறம் டீ குடிக்கப் போனேன். அடுப்பில் பால் தீய்ந்த வாசனை. மனசு எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்கு ஓடிவிட்டது.

எங்கள் கட்டுத்தறியில் மாடுகள் வரிசையாக நிற்கும், கட்டிப்போட ஆளுக்கொரு முளை. எல்லாம் கறுப்பு வெள்ளைச் சீமை மாடுகள். அம்மாவைத் தவிர யாருக்கும் அடையாளம் தெரியாது. கடைசி முளைக்கு மேலே கூரை ஒழுகும். அதனால் நடுவில் ஒன்றை அவிழ்த்தால், பின்னால் நிற்பவற்றை ஒரு முளை முன்னால் மாற்றிக் கட்டிவிடுவோம்.

கோமாரி நோய் வராமலிருக்க ஊசி போட ஆள் வந்தபோது அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தாள். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாட்டைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் அடிக்கிறது, இதற்கு இன்று வேண்டாம் என்றார் ஊசிக்காரர். அவர் மருந்தெடுக்கத் திரும்பியதும் அப்பா அதை வெளியே கட்டிவிட்டு, கைப்பழக்கத்தில் மற்றவற்றை முன்னால் மாற்றினார். ஊசிக்காரர் வந்து அடுத்த முளைக்குப் போனார். முளையைப் பார்த்தாரே தவிர மூஞ்சியைப் பார்க்கவில்லை.

விட்டுப்போனது மயிலா, இன்றுதான் எனக்கு உறைத்தது. தாயில்லாக் கன்றாக அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. காய்ச்சல் மாட்டுக்குப் பிறகு ஊசி போட்டாயிற்று; அந்த மழைக்காலத்தில் மயிலாவுக்கு மட்டும் கோமாரி கண்டது. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் செத்துப்போனது. ஊசி போட்ட மாடு எப்படிச் சாகும் என்று எல்லாரும் கேட்டார்கள். நோய் கண்ட ஒரு வீட்டுக்கு அம்மா போய்வந்திருந்தாள், அவள்தான் காலோடு கொண்டுவந்தாள் என்று ஊர் பேசியது. அம்மாவும் அதை நம்பினாள். பிறகு அவள் கட்டுத்தறிக்குள் காலே வைக்கவில்லை. கன்று கத்தினால்கூட எழுந்து உள்ளே போய்விடுவாள்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். முளை மாறிய கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். பெரிய கண்டுபிடிப்பு என்ற நினைப்பு எனக்கு. அவர் சொன்னார்:

"அது செத்த அன்னைக்கே எனக்குத் தெரியும் கண்ணு. உங்கம்மாகிட்டச் சொல்லோணும், சொல்லோணும்னுதான் இருந்தேன். வாய் வர்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். கட்டுத்தறி இப்போது கார் நிறுத்தும் இடம். முளைகளைப் பிடுங்கியாயிற்று, ஒழுகாமல் தகரமும் போட்டாயிற்று. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. உன்னால இல்லீம்மா என்று இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?