கத்திரிக்காய்க்கு மட்டும் ஒரு போர்டு

திருப்பூரில் எல்லோரும் பருத்தியால் பிழைத்தார்கள். நான் அதைக் குடிக்கவும் செய்தேன். மதுரைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குப் பருத்திப்பால் என்றால் உயிர். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்ச வேண்டும். மண்ணரைப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போன காலத்திலும் வாரத்துக்கு நாலு நாள் காய்ச்சிவிடுவேன். "ஏனுங்க, மாட்டுக்கு வெக்கறதையா குடிக்கறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்து வாயை அடைத்திருக்கிறேன்.

முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துபோனது. இரண்டாவது தங்கி ஆறு மாதம் ஆனபோதுதான் கத்திரிக்காய்ப் பேச்சு கிளம்பியது. மரபணு மாற்றிய கத்திரிக்காய் வரப்போகிறது, அதைக் கடித்தால் புழு செத்துவிடும் என்று டீ இடைவேளையில் ஒருத்தி பேப்பரைப் படித்துச் சொன்னாள். "புழு சாகும்னா வயித்துப் புள்ளைக்கு என்ன ஆகும்?" என்றாள் இன்னொருத்தி. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வயிற்றில் கனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, புதிதாகத் திறந்திருந்த ஏசி கடைக்குப் போனேன். காய்கறித் தட்டுக்கு மேலே பச்சை எழுத்தில் போர்டு வைத்திருந்தார்கள்: 'மரபணு மாற்றிய கத்திரிக்காய் இங்கே விற்கப்படாது. தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை.' அப்படி ஒரு காய் அதுவரை எந்தச் சந்தைக்கும் வந்திருக்கவில்லை. ஆனாலும் அதைப் படித்ததும் நெஞ்சு லேசானது. கத்திரிக்காய் அரைக் கிலோவும், வழக்கம்போல ஒரு பாக்கெட் பருத்திக்கொட்டையும் எடுத்துக்கொண்டு பில் போட நின்றேன்.

பின்னால் நின்ற பெரியவர் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "கத்திரிக்காய்க்குப் பயப்படறீங்க. பருத்தியில அந்த மரபணு மாத்துன வெதை வந்து எத்தனையோ வருசமாச்சுங்களே கண்ணு."

மேனேஜரைக் கூப்பிட்டு, "இது எந்தப் பருத்தியோட கொட்டை?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க மேடம். பாக்கெட்டுல அதெல்லாம் போடமாட்டாங்க. நாங்க கத்திரிக்காய்க்குத்தானுங்க போர்டு வெச்சோம்."

"அப்ப நான் எதப் பாத்துத் தேர்ந்தெடுக்க?"

அவன் பணிவாகச் சிரித்தான். அந்தப் பணிவுக்கே ஓர் அறை விட்டிருக்கலாம். பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு, அவிநாசிபாளையத்துப் பக்கம் பருத்திக் காடு வைத்திருந்த தீவனக் கடைக்காரரிடம் போனேன். அவராவது உண்மை பேசினார். "நானே அந்த வெதைதானுங்க போட்டிருக்கறன். மில்லுக்குப் போனா எல்லாம் ஒரே குமியல். இது அது, அது இதுன்னு எப்படிப் பிரிக்கறதுங்க?"

அன்றோடு பருத்திப்பாலை நிறுத்தினேன். குடித்தது குடித்ததுதானே? உள்ளே பிள்ளை புரளாத ஒவ்வொரு மணி நேரமும் செத்துப் பிழைத்தேன். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு டாக்டரின் சிரிப்பும் சந்தேகமாகவே இருந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் எனக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை சப்பிச் சப்பி ஏமாந்து அழுதது. ஊரிலிருந்து வந்த அம்மா, பருத்திப்பால் குடித்தால் தாய்ப்பால் ஊறும் என்று பையை அவிழ்த்துப் பருத்திக்கொட்டையை எடுத்தாள். நான் அலறினேன்.

"கடைக் கொட்டை இல்லடி. நம்ம சித்தப்பா காட்டுல வெளஞ்சது" என்றாள்.

ஊர்க் கொட்டை என்றதும் நம்பிவிட்டேன். நம்ம ஊர்ப் பொருள் நம்மைக் கெடுக்காது என்று திருப்பூருக்குப் பிழைக்க வந்த நாங்கள் எல்லோரும் நம்பினோம். இரண்டு நாள் குடித்தேன். பால் சுரந்தது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்கியது.

மூன்றாம் நாள் சித்தப்பா பிள்ளையைப் பார்க்க வந்தார். பாதி குடித்த டம்ளரோடு, "இது நாட்டு வெதைதான சித்தப்பா?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நாட்டு வெதையா? அத இப்ப யாரும்மா வச்சிருக்கா? எல்லாம் கடையில வாங்குற பாக்கெட் வெதைதான். புழுவே அண்டாது" என்றார் பெருமையாக.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்து, அவளை மாரில் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஆவலாகக் குடித்தாள். அவள் எதைக் குடிக்கிறாள் என்று நானும் அவளுக்குச் சொல்லவில்லை.