கிளினிக்கிலிருந்து வராத பதில்கள்

உடுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட இருக்கிற டிஸ்பென்சரியில் இருபத்தெட்டு வருடமாக மருந்து கட்டிக் கொடுக்கிறவர் சோமசேகரம். சந்தேகப்படுவதை அவர் இரண்டாவது உத்தியோகமாகவே வைத்திருந்தார். பால்காரர் ஊற்றும் பாலில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பார். கோயிலில் விபூதி கொடுக்கும்போதுகூட, ஐயர் யாருக்குக் கூடக் கிள்ளிக் கொடுக்கிறார் என்று ஓரக்கண்ணால் கவனிப்பார். “சோமண்ணைக்குத் தன்ரை நிழலிலையும் ஐமிச்சம்” என்று ஊர் சிரிக்கும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வலிகாமத்தில் பிறந்தவர். தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் மனைவி கேதீஸ்வரியோடு கொடிகாமம் வரைக்கும் நடந்து, பிறகு உடுப்பிட்டிக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டார். வீட்டிலிருந்த ஒன்றும் மிஞ்சவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த ஒரு ரெக்சின் பையும், அதற்குள் இருந்த கடுதாசிகளும்தான் மிஞ்சின. அவருடைய மச்சான் ஒருவர், “பார்த்துப்போட்டுத் தாறன்” என்ற ஒரு அதிகாரியை நம்பிக் காணி உறுதிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து வருடம் அலைந்தார். அன்றிலிருந்து சோமசேகரத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒறிஜினலை ஒருவரிடமும் கொடுக்கக்கூடாது. கேட்டால் போட்டோக் கொப்பி எடுத்துத்தான் கொடுக்கவேண்டும். இதை வீட்டில் சொன்னதோடு நிற்காமல், மருந்துப் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் வருகிறவர்களுக்கும் இலவசமாகச் சொல்லி அனுப்பினார்.

டிஸ்பென்சரியை நடத்துகிற டொக்டர் அருந்ததிக்கு ஒரு மனக்குறை இருந்தது. பெரிய வருத்தத்தோடு வருகிற நோயாளிகளை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அனுப்பும்போது அவர் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் கடிதம் எழுதுவார். என்ன கண்டுபிடித்தீர்கள், என்ன மருந்து மாற்றினீர்கள் என்று பதில் எழுதச் சொல்லிக் கேட்பார். பதில் மட்டும் வராது.

“எங்களையும் டொக்டர் எண்டு அவை மதிக்கேல்லைப் போல, சோமண்ணை.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ, டொக்டர். அவை எழுதுவினம். இடையிலை ஆரோ அமத்துறாங்கள்.”

யார் என்றும் அவருக்குத் தெரியும். கிளினிக் வாசலில் மேசை போட்டு இலக்கம் கொடுக்கிற கொலின்ஸ்தான். ஒருமுறை அந்தப் பெடியன் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கடித உறைக்கு மேலே வைத்திருந்ததைச் சோமசேகரம் தன் கண்ணாலேயே கண்டிருக்கிறார். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த வழக்கு இப்படியே இழுபட்டிருக்கும். ஆனால் சித்திரை பிறந்ததிலிருந்து கேதீஸ்வரியின் கால் வீங்கத் தொடங்கியது. காலையில் முகமும் ஊதியிருந்தது. கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கினாள். பிரஷருக்கு அவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போய் வருகிறவள். முழங்கால் நோவுக்கு டிஸ்பென்சரிக் குளிசை, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதைக் கட்டி வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் சோமசேகரத்தின் கைதான்.

“எங்கடை குளிசையை ஒண்டரை வருஷமாப் போடுறாள், ஒண்டும் செய்யேல்லை. உது கிளினிக் மருந்தின்ரை வேலைதான். நிப்பாட்டட்டோ, டொக்டர்?”

அருந்ததி நெற்றியைத் தடவினார். “அங்கை ரத்தம் சோதிச்சிருப்பினம். முடிவு தெரியாமல் நான் எதையெண்டு நிப்பாட்டுறது? ஒருக்கா நேரை போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ.”

அடுத்த கிளினிக் நாளில் சோமசேகரமும் கூடப் போனார். கேதீஸ்வரி உள்ளே போனதும் கொலின்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“தம்பி, உடுப்பிட்டி டொக்டருக்கு எழுதிற பதிலெல்லாம் எங்கை போகுது?”

கொலின்ஸ் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து தடித்த பதிவுக் கொப்பி ஒன்றை எடுத்தான். “ஐயா, பதிலை ஆளின்ரை கையிலை குடுத்து ஒப்பம் வாங்கிறனான். பிறகு தரேல்லையெண்டு என்னிலை பழி போடுவினம், அதுதான். என்ன எழுதினாலும் உடுப்பிட்டி டொக்டர் செய்யிறேல்லையெண்டு எங்கடை டொக்டருக்கும் சரியான கோவம்.”

சோமசேகரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மார்கழியில் ஒன்று, மாசியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. மூன்று இடத்திலும் கேதீஸ்வரியின் ஒப்பம். வலப்பக்கம் சரிந்து விழுகிற அந்தக் ‘கே’யை அவருக்குத் தெரியாதா?

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் மடியிலிருந்த கைப்பைக்குள்ளிருந்து வெள்ளை உறை ஒன்றின் மூலை தெரிந்தது. அவர் பார்க்கிறார் என்று கண்டதும் உள்ளே தள்ளிவிட்டாள். பால்காரரையும் ஐயரையும் கொலின்ஸையும் சந்தேகித்தவர், முப்பத்தேழு வருடத்தில் முதன்முதலாகப் பெண்சாதியைச் சந்தேகித்தார். என்னத்தை ஒளிக்கிறாள்? மாறாத வருத்தம் ஏதும் என்று சொல்லிவிட்டார்களோ? நான் தாங்கமாட்டேன் என்று தனக்குள்ளேயே வைத்திருக்கிறாளோ? செருப்பு வாருக்கு மேலே பிதுங்கி நின்ற அவளுடைய காலைப் பார்த்தார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. சந்தேகம் அவருக்குப் பழகியது, இந்தப் பயம் பழகாதது.

வாசற்படி ஏறினதும் கேட்டுவிட்டார். “கேதீஸ், உண்மையைச் சொல்லும். கிளினிக்கிலை தந்த கடிதங்களை என்ன செய்தனீர்?”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அறைக்குள் போய் அதே ரெக்சின் பையைக் கொண்டுவந்து வைத்தாள். கலியாணப் பதிவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் நடுவில் மூன்று உறைகள், ஒட்டினது ஒட்டினபடி இருந்தன. அன்றைய உறையையும் எடுத்து மேலே வைத்தாள்.

“ஏன் டொக்டரிட்டைக் குடுக்கேல்லை?”

“கொப்பி எடுக்காமல் ஒறிஜினலைக் குடுக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது? உறையை உடைக்காமல் கொப்பி எடுக்கேலாது. டொக்டரின்ரை பேர் போட்டு ஒட்டின கடிதத்தை நான் உடைக்கலாமே? அதுதான் பத்திரமா வைச்சிருக்கிறன்.”

சோமசேகரம் நான்கு உறைகளையும் கையிலெடுத்தார்.

பின்னேரம் நான்கு மணிக்கு டிஸ்பென்சரி திறந்தபோது முதல் ஆளாக இருவரும் போனார்கள். அருந்ததி நான்கையும் உடைத்துத் திகதிப்படி அடுக்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

“நாலிலையும் ஒரே விஷயம்தான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிட்டுது, முழங்கால் நோவுக்குக் குடுக்கிற குளிசையை உடனை நிப்பாட்டச் சொல்லிக் கிளினிக் டொக்டர் எழுதியிருக்கிறார். மூண்டாவதிலை ‘தயவுசெய்து’ எண்டதுக்குக் கீழை கோடும் போட்டிருக்கிறார்.” கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, அக்கா?”

“நோக் குளிசை போடவேண்டாமெண்டு ஒருக்காச் சொன்னவை. வந்து இவரிட்டைச் சொன்னன். அவங்கள் அப்பிடித்தான் வெருட்டுவாங்கள், நம்பாதையுமெண்டு இவர் சொல்லிப்போட்டார்.”

மார்கழியிலிருந்து தன் கையால் எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு குளிசையும் சோமசேகரத்தின் நினைவுக்கு வந்தது. மறந்துவிடுவாள் என்று தண்ணீரும் கூடவே கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். கொலின்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் தான் நிற்பதைக் கண்டு, அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

அன்றே குளிசையை நிப்பாட்டினார்கள். அருந்ததி தாமதத்துக்குக் காரணத்தை எழுதிக் கிளினிக்குக்குக் கடிதம் அனுப்பினார். ஒரு மாதத்தில் வீக்கம் வற்றியது. ஆனால் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, “இனிக் கெடாமல் பாக்கலாம், அக்கா. கெட்டது திரும்பாது” என்றுதான் அருந்ததி சொன்னார்.

இப்போது சோமசேகரம் மருந்து கட்டுவதற்கு முதல் எல்லாரிடமும் கிளினிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்கிறார். இதுவரைக்கும் பதினொரு உறைகள் வெவ்வேறு வீட்டுப் பைகளிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. லேசில் வரவில்லை. பொன்னம்பலம் தன்னுடைய பையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, “உமக்கேன் என்ரை கடிதம்? ஒருத்தரிட்டையும் குடாதேங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்?” என்று சந்தேகத்தோடு கேட்டார்.

போன வாரம் கேதீஸ்வரி கிளினிக் முடிந்து நேரே டிஸ்பென்சரிக்கு வந்தாள். கையில் வெள்ளை உறை. சோமசேகரம் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து கையை நீட்டினார்.

“தாரும், நான் டொக்டரிட்டைக் குடுக்கிறன்.”

அவள் உறையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“வேண்டாம். நானே குடுக்கிறன்” என்று சொல்லிவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே போனாள்.