எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிகள்

கம்பெனியில் நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு 'ஈரக்கை' என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அடையாள அட்டையில்தான் பார்க்கலாம். நாங்கள் இஸ்திரிப் பெட்டி செய்கிறவர்கள். கெட்டுப்போய்த் திரும்பி வருகிற பெட்டிகளைப் பார்த்துப் பதில் எழுதுவது அண்ணன் வேலை. புகாரோடு வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்குள் கேள்வி விழுந்துவிடும்: "ஈரக் கையோட தொட்டீங்களா?" துணிக்குத் தண்ணீர் தெளித்த கையை ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் பெட்டியை எடுக்கிற ஆளை உலகத்தில் எங்கே தேடுவது? வந்தவர் கொஞ்சம் யோசித்தால் போதும், அண்ணன் பேனாவைத் திறப்பார். 'உபயோகித்தவரின் கவனக்குறைவு.' இருபது வருடமாக அதே வரி.

கெட்ட மனுஷர் இல்லை. எவனாவது மத்தியானம் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பேசாமல் தன் டப்பாவை நகர்த்தி வைப்பார். தாயில்லாப் பெண்ணுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். வகிடு கோணலாகிவிட்டது என்று அவள் போடுகிற சண்டையை எங்களிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெட்டிக்குள் வயர் நுழைகிற ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகர விளிம்பில் வயர் உரசி உரசி, ஒரு நாள் மேலுறை கிழிந்து, பெட்டி முழுக்கக் கரண்ட் பாயும். நாலு வருடத்துக்கு முன்னால் செலவு மிச்சம் என்று மேலிடம் அந்த வளையத்தை நிறுத்தியது. வேலை போய்விடுமே என்று யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு பெட்டி எங்களுக்கு இனாமாகக் கொடுப்பார்கள். அதை வீட்டுக்கு எடுத்துப் போகுமுன் எல்லோரும் இரண்டு திருகாணியைக் கழற்றி, மூலையில் கிடக்கிற பழைய வளையம் ஒன்றைப் பொருத்திக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். மறுநாள் காலையில் வந்து, ஊரார் வீட்டுக்குப் போகிற பெட்டியை வளையம் இல்லாமலே முடுக்குவோம். நானும்தான். இதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

இப்படிப் போன பெட்டி ஒன்று ஒரு தையல்காரம்மா வீட்டில் அவள் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டது. வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது. அண்ணன் வழக்கம்போல ஒரு வரி எழுதினார். அந்த அம்மா அதோடு விடவில்லை, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாள். கம்பெனி சார்பில் சாட்சி சொல்ல அண்ணன் போனார். கருகிய பெட்டி இருந்த பையைச் சுமந்துகொண்டு கூடவே நான் போனேன்.

சின்ன அறை. நடுவில் தீர்ப்புச் சொல்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட தலைவர் அம்மா. தையல்காரம்மா எழுந்து நின்றாள்.

"காசுக்காக வரலைங்க. நான்தான் தண்ணி தெளிச்சுட்டு, 'இதக் கொஞ்சம் தேய்ச்சு வைடி'ன்னு அவகிட்ட குடுத்தேன். இவங்க எழுதுன லெட்டர வீட்ல எல்லாரும் படிச்சுட்டாங்க. அதுலேருந்து எங்கம்மா எங்கூடப் பேசறதில்ல. தப்பு என்னோடதா, பெட்டியோடதா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

தலைவர் அம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்ல எந்தப் பெட்டி வச்சிருக்கீங்க?"

"இதேதாங்க. நாலு வருஷமா எம்பொண்ணு அதுலதான் தேய்க்கறா. ஒரு குறையும் இல்ல."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பொய்யே தேவையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தையல்காரம்மா நேராக எங்களிடம் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் பையை இறுக்கிப் பிடித்தேன்.

"அப்ப தப்பு என்னோடதுதான் போலண்ணா," என்றாள். "உங்க வீட்ல நாலு வருஷமா நல்லாத்தானே இருக்கு. உங்க பொண்ணு சின்னவளா? கையத் துடைச்சுட்டுத் தொடச் சொல்லுங்க. எந்தங்கச்சிக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாது."

"சரிம்மா," என்றார் அண்ணன். அவள் போன பிறகும் அவருக்குத் தலை நிமிரவில்லை. பிறகு எழுந்து என் மடியிலிருந்த பையை வாங்கினார். எனக்குப் புரிந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணே, பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுக்காதீங்க. பொண்ண நினைச்சுப் பாருங்க."

"அவளத்தான்டா நினைக்கறேன்," என்று என் கையை மெதுவாக விலக்கினார். "அந்தம்மா எம்பொண்ணுக்குப் புத்தி சொல்லிட்டுப் போறா. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளுக்குத் தலை பின்றது?"

எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெட்டியை மேசை மேல் வைத்துத் திருகாணியைக் கழற்றினார். ஒன்று உருண்டு ஓடியது. வெறும் ஓட்டையைக் காட்டி, "இங்க ஒரு ரப்பர் இருக்கணும். எம்பொண்ணு தேய்க்கற பெட்டில நான் போட்டு வச்சிருக்கேன். இதுல போடல. தப்பு இந்தம்மாவோடது இல்லைங்க," என்றார். தையல்காரம்மா அவரைத் திட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இது கம்பெனில வேற யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் தலைவர் அம்மா.

"எனக்கு மட்டும்தாங்க." அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

தலைவர் அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"நான் சும்மா பை தூக்கிட்டு வந்தவன் மேடம்," என்றேன்.