கூடைப்பந்து வீரர் வீட்டுச் சிவப்பு விளக்கு

சென்ற ஆண்டு, அதாவது 1986 கார்த்திகை (நவம்பர்) 15ஆம் திகதி, சனிக்கிழமை, நானும் அண்ணாவும் கார்ட்டியர்வில்லுக்குப் போனோம். ஊர் பார்க்கப் போகவில்லை, இருக்க இடம் தேடிப் போனோம். அம்மா, அண்ணா, நான் மூவரும் கோத்-தே-நேஜில் மாமியின் முன் அறையில் ஏழு மாதமாகப் படுத்தெழும்பிக்கொண்டிருந்தோம். மார்கழியில் மாமிக்குக் குழந்தை பிறக்க இருந்தது. அதற்குள் நாங்கள் போயாக வேண்டும். மாமி அதை வாய் திறந்து சொல்லவில்லை. தொட்டிலை மட்டும் கொண்டுவந்து எங்கள் பாயருகே வைத்திருந்தார்.

அந்த வாரம் தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. முன்னாள் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் ஒருவரின் வீட்டைப் பராமரிக்கவும் பனி வழிக்கவும் உயரமான ஆள் தேவை. நிலக்கீழ்த் தளத்தில் இரண்டு அறைகள், வாடகை இல்லை. அண்ணா ஆறடி இரண்டு அங்குலம். மட்டக்களப்பில் பள்ளிக்கூட அணிக்குத் தலைவராக இருந்தவர். கனடா வந்த பிறகு பந்தைத் தொடவில்லை. "நான் வாறன். ஆனா வாய் திறக்க மாட்டன், பிரெஞ்சு முழுக்க உன்ட பாடு" என்றார்.

போகிறவர்களுக்கு வழி இதுதான். மாமி வீட்டருகே பிளாமொந்தோனில் மெட்ரோ ஏறினால் செம்மஞ்சள் பாதையின் கடைசியான ஆன்ரி-புராசா இருபத்து மூன்றாவது நிலையம். எங்களுக்கு 41 நிமிடம் பிடித்தது. எனக்கு மாணவர் சீட்டு 50 சதம், அண்ணாவுக்கு ஒரு டொலர். ஏறும் நிலையத்திலேயே இயந்திரத்தில் மாற்றுச் சீட்டை இழுத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்தில் எடுத்தால் செல்லாது. பிறகு 69ஆம் இலக்க பஸ், ஆற்றோரமாக மேற்கே 25 நிமிடம்.

முகவரியைக் காட்டியதும் பஸ் சாரதி கண்ணாடி வழியாக அண்ணாவை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்காரரைச் சிறு வயதில் மைதானத்தில் பார்த்திருக்கிறாராம். இப்போது நாலு வருடமாக யார் கண்ணிலும் படவில்லையாம். "சன்னலில ஒரு சிவப்பு வெளிச்சம் மட்டும் தெரியும்" என்று சொல்லி இறக்கிவிட்டார். அப்போது மூன்று நாற்பது. ஆற்றுப் பக்கம் வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

அழைப்பு மணி எனக்கு எட்டவில்லை. அண்ணா அழுத்தினார். வீரரின் அக்கா மதாம் ஒடெத் கதவைத் திறந்தார். அறுபது வயதிருக்கும், என்னளவு உயரம். வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வீட்டில் ஏதோ பிழை இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரம் ஆனது. கதவுப் பிடிகள் என் தோளுக்கு நேரே இருந்தன. விளக்குச் சுவிச்சுகள் தலைக்கு மேலே. கூடத்துக் கண்ணாடியின் முன்னால் நின்று பார்த்தேன்; அதில் நான் இல்லை. எதிர்ச் சுவரின் மேல்பாதியும் அண்ணாவின் முகமும் மட்டும் தெரிந்தன. ஆறடி ஒன்பது அங்குல மனிதர், விளையாடிய காலத்தில் தன் அளவுக்குச் செய்வித்த வீடு அது.

சன்னலோரச் சுவரில் அவருடைய பெரிய படம். பதக்கங்கள் நாடாவோடு சட்டத்தைச் சுற்றி மாலைபோலத் தொங்கின. கீழே ஒரு சிறிய சிவப்பு மின்விளக்கு எரிந்தது.

மாலை போட்டு விளக்கு வைத்த படத்தை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அண்ணா நின்ற இடத்திலேயே கைகூப்பினார். நானும் கூப்பினேன். பிறகு, வகுப்பில் கடிதம் எழுதப் பாடமாக்கிய வசனத்தை மதாமிடம் சொன்னேன்: உங்கள் சகோதரரின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அப்போது, சாத்தியிருந்த பின்னறைக்குள் இருந்து தொம், தொம், தொம் என்று மூன்று சத்தம் வந்தது. நின்றது. மறுபடியும் மூன்று. அண்ணா என் காதில் மெல்லச் சொன்னார்: "பந்து. தனிய நிண்டு ஃப்ரீ த்ரோ எறியப் போறவன் இப்பிடித்தான் மூண்டு தரம் தட்டுவான். எறியுற சத்தம் மட்டும் வரல்ல."

கதவுக்குப் பின்னால் இருந்து ஓர் ஆண் குரல் பிரெஞ்சில் கேட்டது. "ஆர் செத்தது?"

மதாம் கதவைத் திறந்தார். சக்கர நாற்காலியில் படத்தில் இருந்த வீரரே, மிஸ்யூ ரெமி, இருந்தார். போர்வைக்குள் கால்கள் இரண்டும் நீளமாக மடங்கிக் கிடந்தன. மடியில் பந்து, தட்டித் தட்டி அதன் சொரசொரப்பு முழுவதும் தேய்ந்திருந்தது. பதினொரு பருவங்கள் மூன்று நகரங்களின் அணிகளுக்கு ஆடியவர். கடைசி ஆட்டத்தில் ஒருவன் மோதி முழங்கால் உடைந்தது. அதற்காக அவருக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் வேறொருவர் எறிய, இவரைத் தூக்கிப் போனார்கள். வீட்டுக்கு வந்த அன்று மதாம் அந்த விளக்கை ஏற்றினார். மற்ற முழங்காலும் போய், அவர் நாற்காலிக்கு வந்து நாலு வருடம். இதையெல்லாம் பிறகுதான் அறிந்தோம். அப்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஏன் அப்படி நினைத்தாய்?

பொய் சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதாது. எங்கள் வீடுகளில் உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலையோ விளக்கோ வைப்பதில்லை என்று சொன்னேன்.

மதாமின் முகம் சிவந்தது. நேரமாகிவிட்டது, நீங்கள் போகலாம் என்றார். எனக்கு மாமி வீட்டுத் தொட்டில் கண்ணுக்குள் வந்தது. இரண்டு அறைகளை ஒரே வசனத்தில் தொலைத்துவிட்டேன். அண்ணா சப்பாத்தை நோக்கித் திரும்பினார்.

"உயரமானவனே, நில்" என்றார் மிஸ்யூ ரெமி. "கூடத்துக் கண்ணாடி உனக்கு எட்டுமா?"

நான் மொழிபெயர்த்தேன். அண்ணா போய்க் கண்ணாடியைக் கழற்றி வந்து, முழந்தாளிட்டு, நாற்காலியின் உயரத்தில் பிடித்தார். மிஸ்யூ ரெமி நெடுநேரம் பார்த்தார். அக்கா சவரம் செய்துவிடுவதால் அவருக்கு நாலு வருடமாக முகம் பார்க்கும் தேவை வரவில்லை. தன் கன்னத்தைத் தொட்டார். கண்ணாடியில் இருந்த கன்னத்தையும் தொட்டார். "ஒடெத், அந்த விளக்கை அணை" என்றார். மதாமுக்குச் சுவிச்சு எட்டாது. முக்காலியில் ஏறி அணைத்திருக்கலாம்; எத்தனையோ வருடமாக அவர் அதை அணைத்ததில்லை. அண்ணா அவரைப் பார்த்தார். மதாம் தலையசைத்த பிறகே அணைத்தார்.

மார்கழி முதலாம் திகதி குடிவந்தோம்.

இப்போது பனி கரைந்துவிட்டது. பின் ஒழுங்கையில் அண்ணா ஒரு வளையம் பூட்டியிருக்கிறார். பந்து விளையாட விரும்பும் தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரலாம், கட்டணம் இல்லை. தடித்த காலுறை கொண்டுவாருங்கள், வீட்டுத் தரை இன்னும் குளிர்கிறது. மணி எட்டாதவர்கள் கதவைத் தட்டுங்கள், நான் திறப்பேன். கூடத்தில் படம் இருக்கிறது. தயவுசெய்து கைகூப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. பிள்ளைகள் போன பிறகு, மாலை ஐந்து மணிக்கு, எங்கள் நிலக்கீழ் அறையின் கூரைக்கு மேலே மூன்று தட்டல் கேட்கும். அம்மா அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மிஸ்யூ ரெமி இப்போது பந்தை எறியவும் செய்கிறார். நான்காவதாகச் சுவரில் மோதும் சத்தம் பெரும்பாலும் வந்துவிடும். வராத நாட்களில் அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து மேலே போவார்.