மலைக்கு முதுகு காட்டாத இடுப்பு

அடி அண்ணாமலைக்கு அருகே ஒரு ரிசார்ட்டில் கோல்ஃப் கோச்சாக இருந்தேன். மைதானம் என்று சொல்ல முடியாது. நின்று அடிக்க ஒரு மேட் விரிப்பு, பந்தைத் தடுக்க எதிரே ஒரு நெட், அதற்குப் பின்னால் மலை.

தணிகாசலம் அரிசி ஆலை வைத்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. வந்த முதல் நாளே பிரச்சினையைச் சொல்லிவிட்டார்.

"பொண்ணோட மாமனார் மெட்ராஸ்ல கோல்ஃப் ஆடுறாருங்க. போன்ல பேசறப்ப நானும் ஆடுவேன்னு வாய விட்டுட்டேன். இருபது நாள்ல இங்க வர்றாரு. சம்பந்தி எதிர்ல மானம் போவக்கூடாது மாஸ்டர்."

மட்டையைப் பின்னால் ஓங்கும் பேக் ஸ்விங்கில் உடம்பு வலப்பக்கம் திரும்பி, முதுகு இலக்கைப் பார்க்க வேண்டும். இறங்கும்போது முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. டைமிங் என்பது இந்த வரிசைதான். தணிகாசலம் பாதி திரும்பியதும் நின்றுவிடுவார். பிறகு கை மட்டும் வெட்டும். பந்து நான்கடி உருளும். ஆறு நாள் இதே கதை.

"இடுப்புல பிடிப்பு இருக்கா?"

"பிடிப்பெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

பெல்ட்டைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினேன். அவர் சோதித்துவிட்டு, தன் இடுப்பைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

ஏழாம் நாள் நெட் கிழிந்திருந்தது. அதைத் தைக்கக் கொடுத்துவிட்டு, வேறு நெட்டை எதிர்த்திசையில் கட்டினேன். தணிகாசலத்தின் பேக் ஸ்விங் முழுதாகத் திரும்பியது. பந்து பறந்தது. ஆனால் அடித்த பின் உடம்பு இலக்கை நோக்கித் திரும்பி முடிய வேண்டிய ஃபாலோ த்ரூவில் பாதியில் உறைந்து நின்றார். இப்போது அவருக்குப் பின்னால் மலை இருந்தது.

"மலைக்கு முதுகு காட்ட மாட்டீங்களா?"

"எப்படிங்க காட்டுறது? சாமி ஆச்சே."

"வீட்டுக்குப் போறப்ப முதுகைக் காட்டித்தானே போறீங்க?"

"அது நடக்கிறது. இது வேணும்னே நின்னு திருப்புறது. கையில கம்பை வேற ஓங்கச் சொல்றீங்க."

இதை ஏன் ஆறு நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கேட்கவே இல்லையே என்றார். உண்மைதான். நான் இடுப்பைப் பற்றி மட்டுமே கேட்டிருந்தேன்.

ஒரு தாளில் படம் போட்டுப் பார்த்தேன். மலையைப் பார்த்து நின்று இடப்பக்கம் அடித்தால், உடம்பு எவ்வளவு திரும்பினாலும் மலைக்குத் தோள்தான் தெரியும், முதுகு தெரியாது. அந்தப் பக்கம் ரிசார்ட்டின் பெட்ஷீட்கள் காய்ந்துகொண்டிருந்தன. மானேஜரிடம் மன்றாடி, கொடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டு நெட் கட்டினேன்.

சம்பந்தி வெள்ளைத் தொப்பியும் கையுறையுமாக வந்தார். தணிகாசலம் மலைக்கு ஒரு கும்பிடு போட்டார். இடுப்பு, தோள், கை. பந்து நெட்டின் நடுவில் போய் அறைந்தது.

"பிரமாதம் சம்பந்தி! அடுத்த மாசம் மெட்ராஸ் வாங்க, பதினெட்டு ஹோலும் ஆடலாம்" என்றார் அவர்.

அன்று மாலையே தணிகாசலத்திடமிருந்து போன். "மெட்ராஸ்ல மலை எந்தப் பக்கம் வருது மாஸ்டர்?"

"தென்மேற்கு. அங்கிருந்து தெரியாதுங்க."

"தெரியலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

அந்த மெட்ராஸ் மைதானத்தின் வரைபடத்தை வரவழைத்து, திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். தென்மேற்கைப் பார்த்து நின்று இடப்பக்கம் அடிக்க, பதினெட்டுக் குழிகளில் நான்கு ஹோல்கள்தான் தேறின. அடுத்த மாதம் போய் அந்த நான்கையும் நன்றாக ஆடினார். மற்ற பதினான்கில் சம்பந்தியோடு பேசிக்கொண்டே நடந்தார்.

"காரணம் கேக்கலையா அவரு?"

"கேட்டாரு. இடுப்புல பிடிப்புன்னுட்டேன்."

அதற்குப் பிறகு சேர்க்கைப் படிவத்தில் வயது, எடைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: எந்தத் திசைக்கு முதுகு காட்ட மாட்டீர்கள்? பெரும்பாலானோர் மலை என்று எழுதினார்கள். கலெக்டர் ஆபீஸ் ஊழியர் ஒருவர் மட்டும் வேங்கிக்கால் என்று எழுதினார். அவருடைய ஆபீஸ் இருக்கும் இடம் அது. நான் எதுவும் கேட்கவில்லை. மேட்டையும் நெட்டையும் அதற்கேற்பத் திருப்பிப் போட்டேன்.