முக்கால்வாசிப் பேர் வேண்டும்

நேற்று ரூ காய் என்ற பிரெஞ்சுத் தெருவில் தேநீர் குடிக்கப் போன தமிழ்க் கடையில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருவர் இலங்கை அரசியல் யாப்பைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றினால்தான் விடிவு என்றார் ஒருவர். மாற்றி மாற்றித்தான் இந்த நிலை என்றார் மற்றவர். உள்ளே யாரோ செத்தல் மிளகாய் தாளிக்க, எனக்கு இருமல் வந்தது. இருமலோடு எங்கள் ஊர்ச் சங்கத்தின் அறையும் நினைவுக்கு வந்தது.

அந்த அறை இதே தெருவில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் இருந்தது. கூட்டத்தில் பாதிப்பேர் பேசுவார்கள், பாதிப்பேர் இருமுவார்கள். 2009இல் போர் முடிந்த கையோடு, ஊரில் மிஞ்சியவர்களுக்கு உதவத் தொடங்கிய சங்கம். சங்க விதிகளைப் பிரெஞ்சுக்காரர் ஸ்தத்யூ என்பார்கள், நாங்கள் யாப்பு என்றோம். எழுதியது நான், சட்டம் தெரிந்ததால் அல்ல, என் கையெழுத்து வாசிக்கக்கூடியதாக இருந்ததால். பெரிய ஆட்கள் சங்கத்தை விழுங்கிவிடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆகவே தலைவர் இரண்டு தவணைக்கு மேல் இருக்கக்கூடாது என்று எழுதினோம். குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் போடுவார். எதை மாற்றவும் உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் நேரில் வந்து கைதூக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதியபோது கோட்டை கட்டிய பெருமை எனக்கு.

கோட்டைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதை மலர் அக்கா காட்டினார். புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து ரயிலேறி வந்து, அலுவலகங்கள் துப்புரவாக்கிவிட்டு, மாலையில் சங்கம் ஊருக்கு அனுப்பும் துணிமூட்டைகளைக் கட்டியவர். “எனக்கேன் வாக்கில்லை?” என்றார். வந்திருந்தவர்களில் அநேகர் அவருக்காகக் கைதூக்கினார்கள். ஆனால் உறுப்பினரில் பாதிப்பேர்கூட அன்று வரவில்லை.

தலைவர் சிரித்தார். “நான் என்ன செய்யிறது தங்கச்சி, யாப்பு விடாதே.”

இரண்டாவது தவணையும் முடிய, அதே தலைவருக்கு மூன்றாவதிலும் ஆசை வந்தது. அறையில் ஒரே கைதட்டல். வாக்கில்லாத மலர் அக்கா கடைசி வரிசையில் எழுந்தார்.

“யாப்பு விடாது அண்ணை.”

“சனம் விரும்புது தங்கச்சி!”

“சனம் என்னையும்தான் விரும்பினது.”

ஒருவரும் இருமவில்லை. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தார், மூன்றாவது தவணையையும் விட்டார்.

படியிறங்கும்போது கேட்டேன்: “உங்களை வெளியில விட்ட யாப்பை ஏனக்கா காப்பாத்தினனீங்கள்?”

“அவருக்கெண்டு ஒருக்கா வளைச்சால், நாளைக்கு எல்லாரும் வளைப்பினம். நான் வளைக்கமாட்டன், மாத்துவன். இருந்து பாரும்.”

ஞாயிறுகளில் வீடுவீடாகப் போனார். வரமுடியாது என்றவர்களிடம் அடுத்த ஞாயிறும் போனார். பிரெஞ்சில் மட்டுமே பதில் சொல்லும் பிள்ளைகளைப் பிடித்து, “அம்மாவுக்கு வாக்கு வேணுமோ, வேண்டாமோ?” என்று கேட்டு, தகப்பன்மார் மீது ஏவிவிட்டார். ஒரு குளிர்காலக் கூட்டத்தில் அறை கொள்ளாமல் படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். கைகளை எண்ண நான் தெருவரைக்கும் இறங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பெண்களும் வாக்களித்தார்கள்.

அந்த மேல்மாடியில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். சங்கம் வாட்ஸ்அப் குழுவாகிவிட்டது. பிடிக்காதவரை ஒரு விரலால் நீக்கிவிடலாம். யாப்பு எதுவும் குறுக்கே வராது. சென்ற மாதம் மலர் அக்காவை நீக்கினார்கள். அவர் அடங்கவில்லை. “நீக்கினவை கூட்டத்துக்கு நேரில வந்து சொல்லட்டும்” என்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்னையும் கூப்பிட்டார். வருகிறேன் என்றேன். மற்றவர்களும் வருவார்கள். கூடுவதற்குத்தான் அறை இல்லை.