திரையில் விரிந்த என் தலை

அன்று பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் மூன்று பேர்: டாக்டரம்மா, தங்கை கலா, நான். நெற்றியோரம் முடி கொட்டி வழுக்கை தெரிந்தது. பெரிய நோய்தான் என்று முடிவுகட்டி, என் பிள்ளைகளை யார் வளர்ப்பார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன்.

டாக்டரம்மா குட்டி கேமராவைத் தலையில் வைத்தார். நிலவில் நனைந்த செம்பனைத் தோட்டம்போல் என் தலை திரையில் விரிந்தது. வழுக்கையில் பூனைமுடிகள் முளைத்திருந்தன.

"வேர் சாகலம்மா. கொண்டைய ஏன் இவ்ளோ இறுக்குறீங்க?"

"ஃபேக்டரி தொப்பிக்குள்ள முடி அடங்கணும்னு கட்டுனது டாக்டர். கொட்டுன இடத்த மறைக்க இன்னும் இறுக்கினேன்."

"அந்த இறுக்கம்தான் முடியைப் பிடுங்குது. தளர்த்துங்க, வளரும்."

கலா சிரித்தாள். "அக்கா, உன் நோய்க்குப் பேரு கொண்டை லா!"

அங்கேயே அவிழ்த்தேன். வீடு திரும்பும் கிள்ளான் ரயிலில் உடம்பு மிதப்பதுபோல் இருந்தது. இன்னும் எத்தனை வலிகளை நானே இறுக்கிக் கட்டியிருக்கிறேனோ!